நாட்பட்ட இடுப்பு வலியோடு வாழ்வதற்கு விழிப்புணர்வுத் தியானம் உதவுமா?

கேள்வி
எழுதியவர்: தம்வே ஆசிரியை (யாங்கோன்)

அன்பர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோயிலை ஒட்டிய தமிழ்ப் பள்ளியில் நெடுங்காலமாகப் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கரும்பலகை முன் நின்று எழுதுவதும், பாயில் உட்கார்ந்திருக்கும் சிறுபிள்ளைகளின் கையைப் பிடித்து எழுத வைக்கக் குனிந்து நிமிர்வதுமாகவே பொழுது போகும் வேலை அது. சில ஆண்டுகளுக்கு முன் இடுப்பில் தொடங்கிய வலி, இப்போது இடது தொடையின் பின்பக்கம் வழியாகக் கெண்டைக்கால் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த மருத்துவர், டிஸ்க் சற்று விலகியிருப்பது உண்மைதான், ஆனால் அறுவை சிகிச்சை செய்யும் அளவுக்கு நரம்பு நசுங்கவில்லை என்றார். மாத்திரை, இடுப்புப் பட்டை, வெந்நீர் ஒத்தடம், பர்மிய நாட்டு மருந்து, உருவிவிடும் வைத்தியம் என்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் கொஞ்ச நாளைக்கு இதமாக இருக்கிறது. பிறகு வலி மறுபடியும் தலைதூக்கிவிடுகிறது.

வலியின் அளவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது. வலி வந்துவிடுமோ என்ற நினைப்புத்தான் ஆளைத் தின்கிறது. கல்யாணத்துக்கு அழைப்பு வந்தால், அங்கே எவ்வளவு நேரம் தரையில் உட்கார வேண்டியிருக்கும் என்ற கணக்குத்தான் முதலில் மனத்தில் ஓடுகிறது. பங்குனி உத்திரத்துக்குக் காவடியின் பின்னால் நடந்துபோவதை விட்டுவிட்டேன். பேரப்பிள்ளை ஓடி வந்து மடியில் ஏறும்போது, அள்ளிக்கொள்வதற்கு முன்பே உடம்பு தானாக இறுகிப் பின்வாங்குகிறது. அது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

பக்கத்து வீட்டுப் பர்மிய அம்மையார் பல ஆண்டுகளாகப் பஹானில் உள்ள மஹாசி யெய்த்தா என்னும் பௌத்தத் தியான மையத்துக்குப் போய்வருபவர். வலியை விலக்கப் பார்க்காமல் அதைக் கவனித்துக்கொண்டிருக்கப் பழகுங்கள் என்று அவர் சொல்கிறார். வியப்பு என்னவென்றால், அண்மையில் பார்த்த இளம் மருத்துவரும் ஏறக்குறைய அதையே சொல்லி, வெளிநாட்டு மருத்துவமனைகளில் இதை ‘மைண்ட்ஃபுல்னெஸ்’ என்ற பெயரில் முறையாகவே கற்பிக்கிறார்கள் என்றார்.

ஆனாலும் எனக்குத் தயக்கம் இருக்கிறது. ஏற்கெனவே நாள் முழுதும் என் கவனத்தை இழுத்துக்கொண்டிருக்கும் வலியை இன்னும் உற்றுக் கவனித்தால் அது கூடத்தானே செய்யும்? ‘ஏற்றுக்கொள்’ என்கிறார்களே, இனிக் குணமாகாது என்று கைகழுவிவிடுவதற்கு அது இன்னொரு பெயரா? அலகு குத்திக்கொண்டும் தீ மிதித்தும் வேண்டுதலை நிறைவேற்றுகிற சமூகம் நம்முடையது. பொறுத்துக்கொள்வது நமக்குப் புதிதன்று. இதுவும் அப்படிப்பட்ட பொறுமைதான் என்றால், அதை நான் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறேன். நீண்ட நாள் வலியோடு இந்தப் பயிற்சியைச் செய்து பார்த்தவர்கள், அது தங்களுக்கு உண்மையில் என்ன செய்தது, என்ன செய்யவில்லை என்பதை எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.


மறுமொழி
எழுதியவர்: மோல்மேன் வாசகி

அக்காவுக்கு வணக்கம். எனக்கு இருப்பது முடக்குவாதம். கைவிரல் மூட்டுகளிலும் மணிக்கட்டிலும்தான் அதன் ஆட்சி. நோயின் பெயர் வேறாக இருந்தாலும், நீங்கள் எழுதிய அந்தக் கணக்குப் போடுதலை நான் நன்றாக அறிவேன். உலைநீரில் அரிசியைக் களைந்து போடுவதற்கு முன்பே, பானையை இறக்க முடியுமா என்று மனம் கணக்குப் போட்டு முடித்திருக்கும்.

உற்றுக் கவனித்தால் வலி கூடாதா என்ற உங்கள் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன். தொடக்கத்தில் கூடத்தான் செய்கிறது, அல்லது கூடுவதுபோல் தோன்றுகிறது. அதுவரை அதிலிருந்து தப்பிக்க ஓயாமல் எதையாவது செய்துகொண்டிருந்த மனம் திடீரென்று அதன் எதிரே உட்கார வைக்கப்படுவதால் வரும் திகைப்பு அது. இதை யாரும் முன்கூட்டிச் சொல்லாததால்தான் பலர் சில நாட்களிலேயே பயிற்சியை விட்டுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன்.

நான் செய்வது மிக எளிய முறை. காலையில் எழுந்ததும், பாயில் மல்லாந்து படுத்தபடி, கவனத்தை இடது கால் பெருவிரலில் வைத்துத் தொடங்கி, பாதம், கணுக்கால், முழங்கால், தொடை என்று மெல்ல மேலே கொண்டுவருவேன். ஒவ்வோர் இடத்திலும் என்ன தெரிகிறதோ அதை அப்படியே தெரிந்துகொள்வதுதான் வேலை: வெதுவெதுப்பு, துணி படும் உணர்வு, அரிப்பு, ஒன்றுமே தெரியாத மந்தம் என்று எதுவாகவும் இருக்கலாம். கைகளுக்கு வரும்போது, வலிக்கிறது என்று ஒரே சொல்லில் முடித்துவிடாமல், எந்த விரலில், எந்த மூட்டில், மேலாகவா உள்ளேயா, குடைகிறதா எரிகிறதா இறுக்குகிறதா, ஒரே சீராக இருக்கிறதா விட்டுவிட்டு வருகிறதா என்று பார்ப்பேன். அப்படிப் பார்த்தபோதுதான், கை முழுதும் வலி என்று நான் நம்பியிருந்தது உண்மையில் நடுவிரலின் அடிமூட்டிலும் மணிக்கட்டின் வெளிப்புறத்திலும் மட்டுமே கடுமையாக இருப்பதும், மற்ற இடங்களில் இருந்தது வலிக்குப் பயந்து நானே தசைகளை இறுக்கி வைத்திருந்ததால் வந்த கடுப்பு என்பதும் தெரிந்தது. அந்த இறுக்கத்தைத் தளர்த்த என்னால் முடிந்தது. மூட்டு வலி அப்படியே இருந்தது. ஆனால் அதன் பரப்பு குறைந்துபோயிற்று.

இன்னொன்றும் தெரிந்தது. மூட்டில் ஒரு குடைச்சல் எழுந்த உடனே, அதன் வால்பிடித்துக்கொண்டு நினைப்புகள் வருகின்றன: நாளைக்கு எப்படிச் சமைப்பது, கை கோணிப்போய்விடுமோ, பிள்ளைகளுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று. இந்த நினைப்புகளுக்கு உடம்பு மறுபடியும் இறுகும். இறுகினால் வலி கூடும். கூடினால் நினைப்பு பெருகும். எங்கள் தெருவில் உள்ள மடத்துச் சயாடோ, அதாவது மூத்த பௌத்தத் துறவி, ஒரு நாள் பேசும்போது, புத்தர் இதற்குச் சொன்ன விளக்கத்தை எடுத்துச் சொன்னார். ஒருவன் மீது அம்பு ஒன்று பாய்கிறது. அது உடம்பின் வலி. அதற்காகப் புலம்பி, வெறுத்து, அஞ்சும்போது அவன் மீது இரண்டாவது அம்பும் பாய்கிறது. அது மனத்தின் வலி. பயிற்சி உள்ளவனுக்கு முதல் அம்பு மட்டுமே. என் அனுபவத்தில் இரண்டாவது அம்பு முற்றாக நின்றுவிடவில்லை. ஆனால் அது வருவது தெரிகிறது, பல வேளைகளில் அதற்கு இடம் கொடுக்காமல் இருக்கவும் முடிகிறது.

அலகு குத்துவதைப் பற்றி எழுதியிருந்தீர்கள். வேண்டுதலுக்குப் பொறுத்துக்கொள்ளும் வலிக்கு ஒரு முடிவு நேரம் இருக்கிறது. தேர் நிலைக்கு வந்தால் அலகை எடுத்துவிடுவார்கள். அதுவரை பல்லைக் கடித்துக்கொள்ள முடியும். நாட்பட்ட வலிக்கு அந்த முடிவு நேரம் இல்லாததால் பல்லைக் கடித்துக்கொண்டே வாழ்நாளைக் கழிக்க முடியாது. இந்தப் பயிற்சியில் கடித்த பல்லை விடுவதுதான் முதல் பாடம்.

என்ன செய்யவில்லை என்றும் கேட்டிருந்தீர்கள். முடக்குவாதத்தை அது நிறுத்தவில்லை. மருத்துவர் கொடுக்கும் மருந்தை நான் ஒரு வாரம்கூட விட்டதில்லை, விடவும் மாட்டேன். ஏனென்றால் இந்த நோயில் மருந்தை விட்டால் மூட்டே தேய்ந்து அழிந்துபோகும். வலி கடுமையாகப் பொங்கும் நாட்களில் பயிற்சி எனக்குக் கை கொடுப்பதும் குறைவுதான். அந்நாட்களில் மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன். சாதாரண நாட்களில் விடாமல் செய்வதால்தான் அதுவாவது முடிகிறது.


மறுமொழி
எழுதியவர்: மாண்டலே பிசியோதெரபிஸ்ட்

அம்மா, வணக்கம். மோல்மேன் சகோதரி எழுதியதை முழுமனத்தோடு ஆதரிக்கிறேன். அதனோடு மருத்துவத் தரப்பிலிருந்து சிலவற்றைச் சேர்க்க விரும்புகிறேன்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஓர் எச்சரிக்கை. இடுப்பு வலியோடு மலஜலம் கட்டுப்பாடில்லாமல் போவது அல்லது சிறுநீர் வராமல் அடைத்துக்கொள்வது, தொடைகளின் உட்புறமும் ஆசனவாயைச் சுற்றியும் மரத்துப்போவது, காலில் பலம் நாளுக்கு நாள் குறைவது ஆகியவற்றில் எது தோன்றினாலும் தியானத்துக்கு உட்காராமல் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். விடாத காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைதல், முன்பு புற்றுநோய் இருந்திருத்தல் ஆகியவையும் அப்படித்தான். காசநோய் மிகுதியாக உள்ள நாடு நம்முடையது. அது முதுகெலும்பையும் தாக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது. உங்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தாகிவிட்டது என்பது நிம்மதியான செய்தி. ஆனால் இந்தப் பக்கத்தைப் படிக்கிற வேறு எவரும், முறையாகப் பரிசோதித்துக்கொள்ளாத வலியைத் தியானத்தால் சமாளிக்க முயல வேண்டாம் என்று வேண்டிக்கொள்கிறேன்.

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியை நாட்பட்ட வலி என்று வகைப்படுத்துகிறார்கள். புதிதாக அடிபட்ட வலியில், வலியின் அளவும் காயத்தின் அளவும் ஓரளவு ஒத்துப்போகும். நாட்பட்ட வலியில் அப்படி ஒத்துப்போவதில்லை. நெடுநாள் வலிச் செய்திகளைக் கடத்திக் கடத்தித் தண்டுவடமும் மூளையும் கூர்மைப்பட்டுப்போவதால், முன்பு வலியாகத் தோன்றாத அசைவுகூட வலியாகத் தோன்றத் தொடங்குகிறது. அதனால் வலி கற்பனை என்றோ மனப்பிரமை என்றோ யாராவது சொன்னால் நம்பாதீர்கள். வலி முழுக்க முழுக்க உண்மை. ஆனால் அது உணர்த்தும் ஆபத்து எப்போதும் அதே அளவு உண்மையாக இருக்க வேண்டியதில்லை. குனிந்தால் டிஸ்க் மேலும் விலகிவிடும் என்ற அச்சத்தில் அசைவைக் குறைத்துக்கொண்டே போனால், முதுகுத் தசைகள் பலமிழந்து, வலி மேலும் கூடுகிறது. பேரப்பிள்ளையை அள்ளுவதற்கு முன்பே உடம்பு இறுகுகிறது என்று எழுதினீர்களே, அந்த இடத்தில்தான் தியானமும் பிசியோதெரபியும் சந்திக்கின்றன.

ரங்கூனில் உருவாகி உலகெங்கும் போன டைகர் பாமை நம் வீடுகளில் தேய்த்துவிடும்போது வலி இறங்குகிறதல்லவா? தேய்க்கும்போது எழும் தொடுவுணர்ச்சி, தண்டுவடத்தில் வலிச் செய்தி மேலே போகும் வழியை ஓரளவு அடைக்கிறது என்று 1965இல் மெல்சாக், வால் என்ற இரு அறிவியலாளர்கள் விளக்கினார்கள். அந்த வழியை மூளையும் மேலிருந்து திறக்கவும் மூடவும் முடியும் என்பது அந்தக் கொள்கையின் இன்னொரு பகுதி. அச்சமும் கவலையும் அதைத் திறக்கின்றன. கவனத்தை வைக்கும் விதமும் அதை மாற்றுகிறது. அமெரிக்காவில் ஃபாடெல் ஜைடான் என்ற ஆய்வாளரின் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வில், நான்கே நாட்கள் தியானம் பழகிய 15 பேருக்குச் சூட்டால் வலியூட்டிப் பார்த்தபோது, வலியின் கடுமை சுமார் 40 விழுக்காடும், அதனால் வரும் துன்ப உணர்வு சுமார் 57 விழுக்காடும் குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். நலமாக இருந்தவர்களுக்குச் சோதனைச்சாலையில் ஊட்டிய வலி அது என்பதால் அதை அப்படியே நமக்குப் பொருத்திவிட முடியாது. ஆனால் கடுமையைவிடத் துன்ப உணர்வு கூடுதலாகக் குறைந்தது என்பது, மோல்மேன் சகோதரி சொன்ன இரண்டு அம்புகளோடு ஒத்துப்போவதைப் பாருங்கள்.

உங்களைப் போன்றவர்களை வைத்தே நடந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. நாட்பட்ட இடுப்பு வலியுள்ள 342 பேரை மூன்று குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு எட்டு வார விழிப்புணர்வுப் பயிற்சியும், இன்னொரு குழுவுக்குச் சிந்தனைப் போக்கை மாற்றும் உளவியல் சிகிச்சையும் கொடுத்து, மூன்றாவது குழுவை வழக்கமான சிகிச்சையிலேயே விட்டார்கள். 26 வாரங்களுக்குப் பிறகு, அன்றாட வேலைகளைச் செய்வதில் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டவர்கள் முதல் குழுவில் 60.5 விழுக்காடு, இரண்டாவதில் 57.7 விழுக்காடு, மூன்றாவதில் 44.1 விழுக்காடு. பயிற்சி எடுத்தவர்களிலும் பத்தில் நான்கு பேருக்கு அந்த அளவு முன்னேற்றம் கிட்டவில்லை என்பதையும் இதே எண்கள் சொல்கின்றன. 2017இல் 38 ஆய்வுகளைச் சேர்த்து ஆராய்ந்தவர்கள், வலி குறைவது சிறிய அளவில்தான் என்றும், மனச்சோர்வு குறைந்து வாழ்க்கைத் தரம் மேம்படுகிறது என்றும் கண்டார்கள். அதே ஆண்டில் அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர்கள் சங்கம், நாட்பட்ட இடுப்பு வலிக்கு மாத்திரையைத் தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய வழிகளுள் உடற்பயிற்சியோடு இதையும் சேர்த்தது.

ஆகவே ‘ஏற்றுக்கொள்’ என்பதை நான் என் நோயாளிகளுக்கு இப்படித்தான் சொல்வேன்: இந்த நிமிடத்தில் வலி இருக்கிறது என்பதை மறுக்காமல் இருங்கள், நாளைக்கு என்ன சிகிச்சை செய்வது என்பதை அதற்காகக் கைவிட வேண்டாம். நடையும் முதுகுத் தசைகளுக்கான பயிற்சியும் தொடரட்டும். கடையில் தாமாக வாங்கி ஆண்டுக்கணக்கில் விழுங்கும் வலி மாத்திரை இரைப்பையையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும் என்பதால் அதைக் குறைப்பது நல்லதுதான்; அதையும் மருத்துவரிடம் கேட்டே செய்யுங்கள்.


கேள்வி கேட்டவரின் தொடர்ச்சி
எழுதியவர்: தம்வே ஆசிரியை (யாங்கோன்)

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. வலியின் பரப்பு குறைந்தது என்று சகோதரி எழுதியதைப் பலமுறை படித்தேன். நேற்றுப் படுத்தபடி முயன்று பார்த்தபோது, தாடையையும் தோள்களையும் நான் இறுக்கிக்கொண்டிருப்பது தெரிந்து வியந்துபோனேன். இடுப்பு வலிக்குத் தாடை எதற்கு இறுக வேண்டும்?

இன்னும் சில ஐயங்கள். யெய்த்தாவில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார வேண்டும் என்கிறார்கள். அது என்னால் ஆகாது. நாள்தோறும் முருகனைக் கும்பிடுகிறவள் நான். பௌத்த மையத்தில் போய்ப் பயில்வதை வீட்டில் உள்ள பெரியவர்கள் விரும்புவார்களா என்றும் தெரியவில்லை. இரவில் வலியால் விழித்துக்கொண்டால் அப்போது என்ன செய்வது என்பதையும் யாராவது சொன்னால் நல்லது.


மறுமொழி
எழுதியவர்: பஹான் பெரியவர்

அம்மா, ஓய்வு பெற்ற பிறகு யெய்த்தாவில் தங்கித் தங்கிப் பயின்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். எனக்கு முழங்கால் தேய்மானம் உண்டு.

அசையாமல் உட்கார வேண்டும் என்பதைப் பற்றி முதலில் சொல்கிறேன். மஹாசி சயாடோ கற்பித்த முறையில், உட்காரும் நேரமும் நடக்கும் நேரமும் மாறி மாறி வரும். உட்கார்ந்திருக்கும்போது வயிறு எழுவதையும் தாழ்வதையும் கவனிப்பீர்கள். வலி தலைதூக்கினால் வயிற்றை விட்டுவிட்டு வலியைக் கவனித்து, வலிக்கிறது, வலிக்கிறது என்று மனத்துக்குள் குறித்துக்கொள்வீர்கள். தாங்க முடியாமல் போனால் அசையலாம். அசைய வேண்டும் என்ற எண்ணம் எழுவதை முதலில் குறித்து, பிறகு கையை எடுப்பதையும் காலை நீட்டுவதையும் மெதுவாக, ஒவ்வோர் அசைவையும் தெரிந்தே செய்ய வேண்டும் என்பதுதான் அறிவுரை. வலியிலிருந்து பதறி விலகுவதற்கும், பார்த்துக்கொண்டே விலகுவதற்கும் உள்ள வேறுபாட்டை நீங்களே செய்து பார்த்தால் ஒரே நாளில் உணர்வீர்கள். உங்களுக்கு நாற்காலி வேண்டும் என்றால் கேட்டுப் பெறுவதில் வெட்கம் வேண்டாம். வயதானவர்கள் பலர் நாற்காலியில்தான் உட்காருகிறார்கள்.

இந்நாட்டில் வேறு சில மரபுகளில், கடும் வலியிலும் அசையாது உட்கார்வதையே பயிற்சியின் நடுப்பகுதியாக வைத்திருக்கிறார்கள். தியான ஆசிரியர் கோயங்கா அவர்களின் பத்து நாள் பயிற்சியிலும், உடம்பின் உணர்ச்சிகளைக் கவனிக்கும் விபாசனாவைக் கற்றுக்கொண்ட பிறகு, அசைவதில்லை என்ற உறுதியோடு உட்காரும் ஒரு மணி நேர அமர்வுகள் நாள்தோறும் உண்டு. அவை மிக உயர்ந்த பயிற்சிகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நரம்பு தொடர்பான வலி உள்ளவர், வீட்டில் எந்தப் பழக்கமும் இல்லாமல், விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து நாளில் பத்து மணி நேரம் தியானம் செய்யும் இடத்துக்கு நேரே போவது நல்லதன்று. மனச்சோர்வு மிகுந்தவர்களும், பெரிய அதிர்ச்சியை அனுபவித்தவர்களும் அப்படித்தான். நெடுநேர மௌனத்தில் பழைய துயரங்கள் தாங்க முடியாத வேகத்தில் மேலெழக்கூடும். நீங்கள் நடையிலிருந்து தொடங்குங்கள். வீட்டுக் கூடத்தின் நீளத்துக்கு, தூக்குகிறேன், நகர்த்துகிறேன், வைக்கிறேன் என்று குறித்துக்கொண்டே மெல்ல நடந்தால், பிசியோதெரபிஸ்ட் தம்பி சொன்ன நடையும் ஆயிற்று, பயிற்சியும் ஆயிற்று.

சமயத்தைப் பற்றிய தயக்கம் உங்களுக்கு மட்டும் வந்ததன்று. கோயங்கா 1924இல் மாண்டலேயில் ஒரு மார்வாரி வணிகக் குடும்பத்தில் பிறந்தவர், தீவிர இந்து. கடுமையான ஒற்றைத் தலைவலிக்கு மார்ஃபின் ஊசி போட்டுக்கொள்ளும் நிலைக்கு வந்து, வெளிநாடுகளுக்குப் போய் மருத்துவம் பார்த்தும் பயனில்லாமல், 1955இல் ரங்கூனில் சயாஜி ஊ பா கின்னிடம் வந்தார். ஊ பா கின் துறவியல்லர். அரசாங்கத்தில் தலைமைக் கணக்காயராக இருந்தவர், 1952இல் தியான மையம் தொடங்கியவர். தலைவலி தீர்வதற்காக வந்தேன் என்று கோயங்கா சொன்னதும், அப்படியானால் வராதீர்கள் என்று அவர் திருப்பி அனுப்பிவிட்டார். மனத்தைத் தூய்மை செய்துகொள்ளும் வழியை ஒரு நோய்க்கு மருந்தாக்கிச் சிறுமைப்படுத்தக் கூடாது என்பது அவருடைய கருத்து. தலைவலி தீருவது நடந்தால் அது துணைப்பயன். சமயம் மாற வேண்டியதில்லை என்று தெளிந்த பிறகே கோயங்கா பயிற்சிக்குப் போனார்.

இதை வெறும் வரலாறாகச் சொல்லவில்லை. வலி போக வேண்டும் என்று காத்துக்கொண்டே உட்கார்ந்தால், போயிற்றா போயிற்றா என்று மனம் நொடிக்கு நொடி கணக்குப் பார்க்கும். அந்தக் காத்திருப்பே புதிய இறுக்கமாகிவிடும். ஊ பா கின்னின் மறுப்பில் மருத்துவரீதியாகவும் ஒரு நுட்பம் இருக்கிறது என்பது என் எண்ணம். 1979இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜான் கபட்-ஜின் இப்பயிற்சியைச் சமயச் சாயலில்லாமல் ஒரு பாடமாக்கியபோது, மருத்துவர்கள் இனிச் செய்வதற்கு அதிகமில்லை என்று அனுப்பிய நாட்பட்ட வலிக்காரர்கள் பலர் அங்கே வந்தார்கள். அவர்களிடமும், வலியைப் போக்குவதாக வாக்குக் கொடுக்காமல், வலியோடு உங்களுக்குள்ள உறவை மாற்றிக்கொள்ளலாம் என்றே அவர் சொன்னார். படுத்தபடி உடம்பைப் பகுதி பகுதியாகக் கவனிக்கும் முறை, அங்கே முதல் வாரத்திலேயே கற்பிக்கப்படுவது. ஆகவே வீட்டில் உள்ள பெரியவர்கள் தயங்கினால், முருகனைக் கும்பிட்டுவிட்டுப் பூசையறையிலேயே பதினைந்து நிமிடம் உங்கள் மூச்சைக் கவனித்து உட்காருங்கள். அதற்கு யாருடைய ஒப்புதலும் தேவையில்லை.


மறுமொழி
எழுதியவர்: மோல்மேன் வாசகி

அக்கா, தாடையைக் கண்டுபிடித்தீர்களே, அது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. இரவைப் பற்றி மட்டும் எழுதிவிட்டு முடிக்கிறேன்.

நடுஇரவில் விழிப்பு வந்தால், மின்சாரமும் இல்லாமல் புழுக்கமாகவும் இருந்தால், மனம் நேரத்தைக் கணக்கிடத் தொடங்கும். விடிய இன்னும் எவ்வளவு நேரம், தூங்காவிட்டால் நாளைக்குப் பள்ளிக்கூடம் எப்படி என்று. கடிகாரத்தையோ கைப்பேசியையோ பார்க்காதீர்கள். அந்நேரத்தில் நேராக வலிக்குப் போகவும் வேண்டாம். தூக்கக் கலக்கத்தில் அதைத் தெளிவாகப் பார்க்கும் பலம் நமக்கு இருக்காது. வலியில்லாத ஓர் இடத்தை முதலில் தேடிப் பிடியுங்கள். உங்களுக்கு வலது உள்ளங்கையாக இருக்கலாம், உதடாக இருக்கலாம். அங்கே கவனத்தை வைத்துச் சில மூச்சு இருந்துவிட்டு, பிறகு இடுப்பு வலியின் ஓரத்தை மட்டும் தொட்டுப் பார்த்துவிட்டு, மீண்டும் உள்ளங்கைக்கே வந்துவிடுங்கள். இப்படிப் போய்ப் போய் வரும்போது, உடம்பு முழுதும் வலி என்ற எண்ணம் தானாகத் தளரும். வலிக்குள்ளேயே முழுதாக இறங்கிப் பார்ப்பதைப் பகலில், மனம் தெளிவாக உள்ள வேளைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நெடுநேரம் ஆகியும் தூக்கம் வராவிட்டால் படுத்துப் புரள வேண்டாம்; எழுந்து, பெரியவர் சொன்ன நடையைக் கூடத்தில் நடந்துவிட்டு வாருங்கள். மறுபடி படுக்கும்போது வலதுபுறமாக ஒருக்களித்து, முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணையை வைத்துக்கொண்டால், இடது காலுக்கு இழுப்பு குறையும். பிசியோதெரபிஸ்ட் சகோதரர் இதைப் பார்த்தால், உங்கள் நிலைக்கு இப்படிப் படுப்பது சரிதானா என்று சொல்லட்டும்.